அப்பாவுக்கு நண்டு, மகளுக்கு சுஷி



எனக்கு வரும் கடிதங்களில் பாதி திட்டு, கால்வாசி கவிதை. மீதியில் எப்போதாவது ஒன்று, கையில் இருக்கிற வேலையை ஒதுக்கிவிட்டு உடனே பதில் எழுத வைக்கும். போன வாரம் மதுரையிலிருந்து அப்படி ஒன்று வந்தது. குடும்பத்தோடு மூன்று நாள் கொழும்பு போகிறாராம். அவருக்கு நண்டு என்றால் உயிர். கல்லூரியில் படிக்கும் மகளுக்கோ சுஷி சாப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். “பச்சை மீனைத் தின்னவா பிளேன் ஏறுகிறோம் என்கிறேன் நான். நண்டு நம்ம ஊரிலேயே கிடைக்குமே அப்பா என்கிறாள் அவள். நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா” என்று முடித்திருந்தார்.

பஞ்சாயத்து பண்ணுவது எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் வேறு எந்த ஊராக இருந்தாலும் செல்லுபடியாகிற இந்த வழக்கு, கொழும்பில் செல்லாது. அங்கே பேர்பெற்ற நண்டு உணவகத்தையும், பேர்பெற்ற ஜப்பானிய உணவகத்தையும் தொடங்கியவர் ஒரே ஆள்!

பெயர் தர்ஷன் முனிதாச. அப்பா இலங்கைக்காரர், அம்மா ஜப்பானியர். சமையல் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. அமெரிக்காவில் கணினிப் பொறியியல் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். 1995இல் ‘நிஹொன்பாஷி’ என்ற ஜப்பானிய உணவகத்தைத் திறந்தார். பதினாறு வருடம் கழித்து, 2011 டிசம்பரில், ‘மினிஸ்ட்ரி ஆஃப் க்ராப்’. இலங்கைத் தமிழில் மினிஸ்ட்ரிக்கு ‘அமைச்சு’ என்று பெயர். ஆக, நண்டு அமைச்சு. எத்தனையோ நாடுகளில் எதற்கெல்லாமோ அமைச்சு இருக்கிறது, இது ஒன்றாவது வயிற்றுக்கு ஆகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அமைச்சில் கூட்டாளிகள் இருவர்: இலங்கைக் கிரிக்கெட்டின் குமார் சங்கக்காரா, மஹேல ஜயவர்தன. 2011 ஏப்ரல் 2ஆம் தேதி ராத்திரியை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மும்பை வான்கடே மைதானத்தில் நாம் உலகக் கோப்பையைத் தூக்கியபோது எதிரணித் தலைவராக நின்றவர் சங்கக்காரா. ஆட்டமிழக்காமல் 103 ஓட்டம் எடுத்தும் தோற்றுப் போனவர் மஹேல. அதே வருடக் கடைசியில் இருவரும் நண்டு விற்க வந்துவிட்டார்கள். கோப்பை போனால் என்ன, கொடுக்கு மிஞ்சியது.

உணவகம் இருக்கும் இடம் கோட்டைப் பகுதியிலுள்ள பழைய டச்சு ஆஸ்பத்திரி. 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கனத்த சுவர், தேக்கு உத்தரம், நடுவே முற்றம். இடையில் காவல் நிலையமாகக்கூட இருந்திருக்கிறது. இன்று அந்த முற்றத்தைச் சுற்றிக் கடைகளும் உணவகங்களும். நோயாளிகள் படுத்திருந்த கூடத்தில் நெஞ்சில் துணி கட்டிக்கொண்டு ஆட்கள் நண்டு உடைக்கும் சத்தத்தைக் கேட்க டச்சுக்காரர்கள் திரும்பி வரவா போகிறார்கள்!

இந்தக் கடை ஏன் வந்தது என்பதுதான் எனக்குச் சுவையான கதை. இலங்கையின் களப்புகளிலும் அலையாத்திக் காடுகளிலும் வளரும் சேற்று நண்டு உருவத்தில் பெரியது, சதை இனிப்பானது. அதனாலேயே அது ஊரில் தங்குவதில்லை. கால் கட்டப்பட்டு, உயிரோடு பெட்டியில் ஏறி, சிங்கப்பூருக்குப் பறந்துவிடும். சிங்கப்பூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே உணவுப் பட்டியலில் ‘ஸ்ரீலங்கா நண்டு’ என்று போட்டிருந்தால் அதுவே ஒரு முத்திரை. 1950களில் செர் யாம் தியான் என்ற அம்மா கல்லாங் ஆற்றோரம் தள்ளுவண்டியில் தொடங்கியதாகச் சொல்லப்படும் சில்லி க்ராப் இன்று அந்நாட்டின் அடையாளம். அந்தச் சட்டியில் பல சமயம் விழுவது இலங்கை நண்டு. பிடித்தவன் ஊரில் பொடிசு, வாங்கியவன் ஊரில் பெரிசு. நம் கடற்கரைக் கிராமங்களிலும் இதே கதைதான், நல்ல இறால் எல்லாம் எங்கே போகிறது என்று மீனவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். விமானம் ஏறப்போன நண்டைக் கொழும்பிலேயே இறக்கி வைத்ததுதான் முனிதாச செய்த காரியம்.

அங்கே நண்டை எடையால்தான் கேட்க வேண்டும். அரைக் கிலோவில் தொடங்குகிறது. உச்சியில் 2 கிலோ நண்டு. அதற்கு ‘க்ராப்ஸில்லா’ என்று செல்லப் பெயர். ஃப்ரீசரே வைத்துக்கொள்வதில்லை என்பது அவர்கள் கொள்கை, அன்றைக்கு வந்தது அன்றைக்கு. பெரிய நண்டு வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. விலையை இங்கே எழுதப் போவதில்லை. மதுரைக்காரர் படித்துவிட்டுப் பயணத்தையே ரத்து செய்துவிட்டால் பாவம் அந்தப் பெண்!

மிளகு நண்டு கேளுங்கள். மிளகு நண்டா, அது எங்கள் வீட்டிலேயே உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் இதில் கையால் இடித்த மிளகோடு சேர்வது ‘தாஷி’ என்ற ஜப்பானியச் சாறு. காய்ந்த கடற்பாசியையும், ‘கட்சுவோபுஷி’ எனப்படும் புகையூட்டி உலர்த்திய சூரை மீனைச் சீவிய சுருளையும் வெந்நீரில் ஊறவைத்து இறக்குவது. ஜப்பானியச் சமையலுக்கு அதுதான் அடித்தளம், நமக்குப் புளித்தண்ணீர் போல. முதல் கரண்டி வாய்க்குள் போனதும் இந்த மணம் எங்கோ தெரிந்த மணமாக இருக்கிறதே என்று முழித்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அவள் தூத்துக்குடிக்காரி. “மாசிங்க இது!” என்றாள்.

மாசிதான். சூரையை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைக்கிற மாசிக் கருவாடு. மாலத்தீவும் மினிக்காயும் அதற்குப் பேர்போனவை. இலங்கையில் அதை இடித்துப் போடாத சம்பல் அபூர்வம். கட்சுவோபுஷி அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி, கூடுதலாகப் பூஞ்சை ஏற்றிப் பதப்படுத்துகிற வகையும் ஜப்பானில் உண்டு. அவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் இரண்டு கடற்கரைகள் ஒரே மீனுக்கு ஒரே வைத்தியம் செய்து வைத்திருக்கின்றன. இந்த ஒரு கரண்டிக்குப் பிறகு மதுரைக்காரருக்கும் மகளுக்கும் நடுவில் வழக்கு என்று ஏதும் மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி மகளின் கட்சி. காலி முகத்திடலுக்குப் பக்கத்தில் நிஹொன்பாஷி. ‘ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள்’ பட்டியலில் நண்டு அமைச்சைப் போல இதுவும் இடம்பிடித்திருக்கிறது. இலங்கைக் கடலின் சூரை ஜப்பானுக்கே ஏற்றுமதியாகிற சரக்கு. இங்கே அது பக்கத்துத் துறைமுகத்திலிருந்து வருகிறது.

பச்சை மீன் என்று மிரள்கிற அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. சுஷி என்றால் மீன் என்று அர்த்தமில்லை. காடி சேர்த்த சோறுதான் சுஷி. ஆதியில் மீனைக் கெடாமல் வைக்கச் சோற்றுக்குள் புதைத்துப் புளிக்க வைத்ததிலிருந்து வந்தது. பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவருக்குப் புளித்த சோற்றைப் பார்த்து என்ன பயம்? சோறில்லாமல் வெறும் மீன் துண்டாக வந்தால் அது சஷிமி. முதல் தடவை போகிறவர்கள் வெந்த இறாலைச் சோற்றுப் பிடியின் மேல் வைத்த நிகிரியில் தொடங்கி, பிறகு சூரைக்குப் போகலாம். குச்சியால் எடுக்க வராவிட்டால் கையாலேயே எடுங்கள், ஜப்பானிலும் அது குற்றமில்லை. சோயா சாஸில் மீன் பக்கம் படும்படி தொட வேண்டும். சோற்றை முக்கினால் உதிர்ந்து கிண்ணத்தில் கஞ்சியாகிவிடும். பச்சை நிற வசாபியைப் புதினாச் சட்னி என்று நினைத்து வழித்து வாயில் போட்டுவிடாதீர்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

நண்டும் சுஷியும் ஒரே தட்டில் சேருமா என்று கேட்டால், அதில்தான் ஏமாற்று வேலை. சென்னையில் ஓர் இடத்தில் ‘க்ராப் ரோல்’ என்று வாங்கினேன். உள்ளே ஓரம் சிவந்த வெள்ளைக் குச்சி. அது நண்டே இல்லை. மீன் சதையை அரைத்து, நண்டு மணம் சேர்த்து, இழை இழையாக வரும்படி செய்வது. 1970களில் ஜப்பானியர்களே கண்டுபிடித்தது. உலகம் முழுக்க ‘கலிஃபோர்னியா ரோல்’ என்று விற்பதில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். தப்பான பண்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நண்டு ஊருக்குப் போய் அதைத் தின்றுவிட்டு வந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். நிஜ நண்டா, குச்சியா என்று கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

இதெல்லாம் கையைக் கடிக்கும் என்பவர்களுக்குக் கொள்ளுப்பிட்டியில் ‘சகுரா’ இருக்கிறது. பல காலமாக நடக்கிற எளிய ஜப்பானியக் கடை. சாயங்காலமானால் காலி முகத்திடலில் வண்டிக் கடைகள். இறாலை முழுசாகப் பதித்துச் சுட்ட வடையைக் கடற்காற்றில் நின்று தின்பதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் வேண்டாம்.

மூன்றாவது நாளை எனக்காக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தைக்குப் போங்கள். காலி வீதியில் இறங்கினால் பெயர்ப் பலகையிலிருந்து பேச்சுவரை தமிழ். அங்கே ‘யாழ்’ என்ற பெயர் தாங்கிய உணவகங்கள் உண்டு. யாழ்ப்பாணத்து நண்டுக் கறி கிடைக்கும். வறுத்து இடித்த தூள், தேங்காய்ப்பால், கொஞ்சம் புளி, இறக்குகிற நேரத்தில் ஒரு பிடி முருங்கையிலை. அந்த இலை ஏன் என்று கேட்டால் நண்டுச் சூட்டுக்கு என்பார்கள். எனக்கென்னவோ, காரத்தின் நடுவே வருகிற அந்த இளங்கசப்புக்காகவே போடுகிறார்கள் என்று படுகிறது. புட்டோடு வாங்கிக்கொள்ளுங்கள், குழம்பை உறிஞ்சிக்கொள்ள அதற்கு ஈடு இல்லை. ஒடியல் கூழ் இருக்கிற நாளாக அமைந்தால் அதையும் விடாதீர்கள். பனங்கிழங்கு மாவுக் கூழுக்குள் நண்டும் மீனும் இறாலும் ஒன்றாகக் கிடக்கும்.

போன முறை அங்கே ஒரு கடையில் நான் கரண்டியும் முள்கரண்டியும் கேட்டேன். புதுச் சட்டை, அதுதான் காரணம். பரிமாறிய பெரியவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, நண்டைக் கையால சாப்பிடாட்டி நண்டுக்கே வெக்கமாப் போயிடும்” என்றவர், நான் ஏதும் சொல்லுமுன் ஒரு கொடுக்கை எடுத்து, தம்ளரின் அடியால் ஒரே தட்டில் விரிசல் விடவைத்து, என் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சதை முழுசாக, உடையாமல், உறையைக் கழற்றினமாதிரி வந்தது. அந்தத் தட்டு எனக்கு இன்னும் கைவரவில்லை. மெதுவாகத் தட்டினால் உடைய மாட்டேன் என்கிறது, ஓங்கித் தட்டினால் எதிர் மேசைக்காரர் சட்டையில் தெறிக்கிறது.

மதுரை வாசகரே, ஒரு விண்ணப்பம். ஊருக்குத் திரும்பியதும் மகளையே கடிதம் எழுதச் சொல்லுங்கள். வெள்ளவத்தையில் நீங்கள் அவளிடமிருந்து எத்தனை கொடுக்கைத் திருடினீர்கள், நிஹொன்பாஷியில் அவள் உங்களிடமிருந்து எத்தனை சூரைத் துண்டைத் திருடினாள் என்ற கணக்கு எனக்கு வேண்டும். தாளில் மஞ்சள் கறை இருந்தால் பரவாயில்லை, அப்படியே அனுப்பலாம்.

அன்புடன்,
ஆசிரியர்