தொகுப்பு வட்டுகளைத் தூக்கிப் போடுங்கள், படங்களை விட்டுவையுங்கள்!



சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் குரலைச் சற்று உயர்த்திவிட்டேன். அங்கிருந்த பெற்றோர் சிலர் இதைப் படிப்பார்கள் என்பதால், ஏன் உயர்த்தினேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியின் பொருளறையைத் துப்புரவாக்குவதுபற்றிப் பேச்சு வந்தது. அங்கே நான்கு அட்டைப் பெட்டிகள் நிறையப் பழைய வி.சி.டி.களும் டி.வி.டி.களும் இருக்கின்றன. கேமரன் மலையின் ஈரத்தில் சிலவற்றின்மேல் வெண்பூசணம் படர்ந்துவிட்டது. நல்லெண்ணம் கொண்ட ஒரு தந்தையார் எழுந்து, “ஐயா, இதப் போட்டுப் பாக்க இப்ப யாரு வீட்டுல பெட்டி இருக்கு? எல்லாந்தான் யூடியூப்புல கெடக்குதே. வேணும்னா அந்தப் பாட்டுத் தொகுப்ப மட்டும் வச்சிக்குங்க. படமெல்லாம் மூணு மணி நேரம் ஓடும், எந்தப் பிள்ள உக்காந்து பாக்கும்?” என்றார். கூட்டம் தலையசைத்தது. ஆசிரியர்களும் தலையசைத்தனர். எனக்கு வருத்தம் அதில்தான்.

நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. எறிய வேண்டியவை பாட்டுத் தொகுப்புகளே. முழுப்படங்கள் கீறலும் மங்கலுமாக இருந்தாலும் அவற்றின்மேல் கை வைக்கக் கூடாது.

நான் பட்ட அவமானத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியை ஒரு பாடல் போட்டிக்கு ஆயத்தம் செய்தேன். பாடுவதோடு, பாடலின் பொருளையும் இரண்டு நிமிடம் விளக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளை, கணீரென்ற குரல். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் ஏமநாத பாகவதர் பாண்டியன் அவையில் பாடும் பாடலைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணதாசன் எழுதி, கே.வி. மகாதேவன் இசையமைத்து, பாலமுரளிகிருஷ்ணா பாடியது. அதில் தர்பார், தோடி, மோகனம், கானடா என்னும் இராகப் பெயர்கள் வேறு பொருள் தரும் சொற்களுக்குள் ஒளிந்து வரும். பெயர் வாயில் வரும் இடத்தில் அந்த இராகமே காதில் ஒலிக்கும். சிலேடை என்ற பெயரைச் சொல்லாமலே பிள்ளைகளுக்குச் சிலேடையைக் காட்டிவிடலாம். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆயினும் நான் செய்ததென்ன? பொருளறையில் கைக்கு எட்டிய பாட்டுத் தொகுப்பு வட்டு ஒன்றை எடுத்து, “வீட்டில் போட்டுப் பழகிக்கொள் அம்மா” என்று கொடுத்தனுப்பினேன். ஈப்போ லிட்டில் இந்தியாவில் யாரோ வாங்கிப் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்தது. அட்டையில் கோபுரப் படமும் ‘பக்திப் பாடல்கள்’ என்ற எழுத்தும் இருந்தன. நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. சின்ன வயதில் பார்த்த படம் நினைவில் இருக்கிறதே, போதாதா என்ற மிதப்பு!

மேடையில் பிள்ளை அழகாகப் பாடினாள். இராகப் பெயர்கள் அடுக்கி வரும் பகுதிக்கு முன்பே நிறுத்திவிட்டு வணங்கினாள். பிறகு, “இப்பாடல் இறைவனின் இசைப் பெருமையைப் போற்றுகிறது” என்று விளக்கத் தொடங்கினாள். நடுவர் ஒருவர் கனிவாகவே கேட்டார்: “யாரும்மா பாடுறாங்க? இறைவனா, இறைவன்கிட்ட தோத்தவரா?” பிள்ளைக்கு விடை தெரியவில்லை. எப்படித் தெரியும்? இது போற்றிப் பாடல் அன்று, செருக்கின் பாடல். ‘எனக்கு நிகர் யார்’ என்று ஓர் இசைவாணன் பிற நாட்டு அவையில் நின்று மார்தட்டுவது. அந்தச் செருக்குக்கு விடையாகத்தான் இறைவன் விறகு விற்பவனாக வந்து பாணபத்திரரின் ஆள் என்று சொல்லிக்கொண்டு திண்ணையில் அமர்ந்து பாடுகிறான். பாகவதர் இரவோடு இரவாக ஊரை விட்டே போகிறார். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்துக் கதை. வட்டில் கதை இல்லை, அவை இல்லை, ஏமநாதர் என்ற பெயர்கூட இல்லை. பாட்டைப் பிடுங்கி எடுத்து, பின்பகுதியை மங்கவைத்து, அடுத்த பாடலுக்குத் தாவியிருந்தார்கள்.

வண்டி மலையேறும் வழியெல்லாம் அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. குற்றம் அவளுடையதன்று, என்னுடையது. அதைவிடப் பெரிய குற்றம் அந்த வட்டினுடையது என்று அன்றிரவே முடிவு கட்டினேன்.

பிறகு ஒரு பள்ளி விடுமுறையில், அந்தப் படப் பாடல்கள் எந்தெந்த வட்டுகளில் இருக்கின்றனவோ அவ்வளவையும் எடுத்துவைத்து, கையில் நிறுத்தற் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். (வீட்டில் ஏச்சு வாங்கினேன் என்பது வேறு கதை.) கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, முழுப்படத்தின் வி.சி.டி. தொழில்நுட்பம் அறிந்தவர்கள் இதைப் பார்த்து நகைப்பார்கள். ஒரு வி.சி.டி.யில் ஏறக்குறைய 74 முதல் 80 நிமிடப் படந்தான் கொள்ளும். ஆகவே ஒரு படம் இரண்டு மூன்று வட்டுகளாக வரும், விறுவிறுப்பான இடத்தில் எழுந்து வட்டை மாற்ற வேண்டும். படப்புள்ளிகளோ 352க்கு 288. டி.வி.டி.யில் 720க்கு 576; ஏறத்தாழ நான்கு மடங்கு. வி.சி.டி.யில் முகங்கள் கட்டங்கட்டமாகத் தெரியும். என்றாலும் பாட்டு முழுமையாக இருந்தது. பாட்டுக்கு முன்னே அவையும் பின்னே அவையோரின் திகைப்பும் இருந்தன. படம் எடுத்த அளவிலேயே, சதுரத்தை ஒட்டிய அந்தப் பழைய சட்டகத்திலேயே இருந்தது.

இரண்டாவது, அந்தத் தொகுப்பு வட்டு. முழுப்படத்தில் இருப்பதைவிடப் பாட்டு ஒன்றரை நிமிடம் குறைவு. திரையின் மூலையில் விற்பனையாளர் முத்திரை. கீழே ஓடும் விளம்பர வரி. இராகம் மாறும் இடத்தில் பார்வை விளம்பரத்துக்குப் போகிறது.

மூன்றாவது, நடிகர் பெயரில் வந்த ஒரு டி.வி.டி. ‘சிவாஜி பாடல்கள்’ என்று தலைப்பு. அதில் இந்தப் பாடலும் இருக்கிறது. அன்பர்களே, இதைப் பாடியவர் சிவாஜி அல்லர் என்பது இருக்கட்டும். திரையில் வாயசைப்பவர்கூட அவர் அல்லர்! டி.எஸ். பாலையா அல்லவா வாயசைக்கிறார்? அட்டையின் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். கண்ணதாசன் பெயர் இல்லை, பாலமுரளிகிருஷ்ணா பெயர் இல்லை, மகாதேவன் பெயர் இல்லை. விலை இருந்தது.

நான்காவது, பளபளப்பான பிற்காலப் பதிவு. 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்து வெற்றி பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘திருவிளையாடலும்’ புதுப்பிக்கப்பட்டு, அகலத்திரைப் படமாக வந்தது. நிறங்களைத் துடைத்துத் தந்தவர்களுக்கு நன்றி உடையேன். ஆனால் அகலத்திரை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். சதுரத்தை ஒட்டிய படத்தை அகலமாக்க வழி இரண்டுதான்: மேலும் கீழும் வெட்டலாம், அல்லது பக்கவாட்டில் இழுக்கலாம். வெட்டினால், இன்றைய தொலைக்காட்சியின் அகலத்துக்கே உயரத்தில் நான்கில் ஒரு பங்கு போகும். திரையரங்கின் அகலத்திரைக்கு நூற்றுக்கு நாற்பது பங்குக்கும் மேல் போகும். இழுத்தால் சிவபெருமானே மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார். விறகு விற்பவன் திண்ணையில் பாடும் காட்சியில் ஒருவரே பாடுபவராகவும் வீணையும் குழலும் மத்தளமும் வாசிப்பவராகவும் ஒரே சட்டகத்துள் நிறைந்திருப்பதுதானே அதிசயம்? ஏ.பி. நாகராசன் அந்தச் சட்டகத்தை அளந்து நிரப்பியவர். என்னிடம் உள்ள பதிவில் மத்தளத்தின் அடிப்பகுதியைக் காணோம்.

இசை கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக இன்னொன்று. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடும். நம் நாட்டில் நெடுங்காலம் இருந்த பால் வகைத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25. ஆகவே பால் வகை வட்டுகள் பலவற்றில் படம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைந்து ஓடும். ஐந்து நிமிடப் பாட்டு பன்னிரண்டு நொடி முன்னதாகவே முடியும். சுருதியும் ஏறும், ஆர்மோனியத்தில் அடுத்த கட்டையைத் தொடச் சற்றே குறைவாக. ஒரே பாட்டு இரண்டு வட்டுகளில் இரண்டு சுருதியில் கேட்பது இதனால்தான். பிள்ளையின் குரல் மேலே எட்டவில்லை என்று கடிந்துகொள்ளுமுன் வட்டைப் பாருங்கள். நானும் கடிந்திருக்கிறேன்.

‘தொகுப்பு என்றாலே அப்படித்தான், எல்லாப் பாட்டையும் முழுதாகப் போட முடியுமா?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு ஓர் அயல்நாட்டுச் சான்று தருகிறேன். அமெரிக்காவின் எம்.ஜி.எம். படநிறுவனம் தன் இசைப்படங்களிலிருந்து பாடல்களைத் தொகுத்து 1974இல் ‘தட்ஸ் என்டர்டெயின்மென்ட்’ என்ற படத்தை வெளியிட்டது. 1976இல் இரண்டாம் பகுதி, 1994இல் மூன்றாம் பகுதி. மூன்றும் 2004இல் டி.வி.டி.யாகவும் வந்தன. அவையும் தொகுப்புகளே, அவற்றிலும் பாடல்கள் சுருக்கப்பட்டே இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் ஆடிப்பாடிய கலைஞர்களே வந்து முன்னுரை சொல்கிறார்கள். மூன்றாம் பகுதியோ ஒரு படி மேலே சென்றது. இந்தியா ஆடம்ஸ் என்னும் பின்னணிப் பாடகி பதிவு செய்த ஒரே பாட்டுக்கு இரண்டு நடிகையர் வாயசைத்திருந்தார்கள். ஒன்று படத்திலிருந்து நீக்கப்பட்டது, மற்றொன்று வேறொரு படத்தில் வெளிவந்தது. இரண்டையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்கள். லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகி, அந்த நிறுவனத்தில் தமக்கு மறுக்கப்பட்டவற்றை அந்த நிறுவனத்தின் படத்திலேயே சொன்னார். எங்கோ ஒதுக்கிவைக்கப்பட்ட துண்டுகளைத் தேடி எடுத்து, மறைந்ததை வெளிக்கொணரும் தொகுப்பு அது. நமக்குக் கிடைத்த தொகுப்புகளோ இருந்ததை மறைத்தன. பின்னணிப் பாடல் என்னும் கலையில் அவர்களைவிட நமக்குப் பெருமை மிகுதி. பி. சுசீலாவுக்கும் டி.எம். சௌந்தரராசனுக்கும் அட்டையில் ஒரு வரி ஒதுக்க இடமில்லையா?

‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் உறங்கும் தம்பியை எழுப்பும் பாடலை எங்கள் பிள்ளைகள் பலர் அறிவர். யார் எழுதியது என்று கேட்டால் “எம்.ஜி.ஆர். பாட்டு ஐயா” என்கிறார்கள். எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல், முப்பது வயது நிறையுமுன்பே மறைந்தவர். உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர் அது. அந்தப் பெயரை நாமும் வட்டைப் போலவே விழுங்கிவிட்டோம்.

சரி, தொகுப்புகளால் நன்மையே இல்லையா? இருந்தது, மறுக்கவில்லை. தோட்டத்தில் திரை கட்டிப் படம் காட்டிய காலம் போனபின், பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைத்த வட்டுகள்தாம் பழைய பாட்டை லயத்துக்குள் வைத்திருந்தன. காலையில் கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார், வட்டைச் சுழலவிட்டுச் சமைத்தார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டின் கதை முன்பே தெரியும். வெட்டுண்ட பகுதியை அவர்களே மனத்துள் பாடி நிரப்பிக்கொள்வார்கள். நம் பிள்ளைகளுக்கு நிரப்பிக்கொள்ள என்ன இருக்கிறது? பெரியவருக்கு நினைவூட்டுவதற்குச் செய்ததைப் பிள்ளைக்குப் பாடநூலாகக் கொடுத்தோமே, அதைத்தான் கண்டிக்கிறேன்.

“யூடியூப்பில் எல்லாம் இருக்கிறது” என்பதற்கும் விடை சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. ஆனால் நான் தேடிப் பார்த்தபோது முதலில் வந்து நின்றவை இதே தொகுப்புகளிலிருந்து எடுத்தவை. மூலையில் அதே முத்திரை. சிலவற்றுக்கு இழுத்த முகத்தின்மேல் ‘4கே’ என்று பட்டமும் சூட்டியிருந்தார்கள். முழுப்படங்களும் அங்கே உண்டு. ஆனால் இன்று இருப்பது நாளை நீக்கப்படும். பெட்டியில் இருப்பதை யாரும் நீக்க முடியாது, நம் கூட்டத்தைத் தவிர!

எங்கள் கூட்டம் ஒரு முடிவுக்கு வராமல் கலைந்தது. பெட்டிகள் இப்போது என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. பழைய மாணவர் ஒருவர் ரிங்லெட்டிலிருந்து ஓடக்கூடிய இயக்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பூசணத்தை இளஞ்சூட்டு நீரில் நனைத்த மென்துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடுகிறது. வட்டமாகத் துடைக்காதீர்கள், கீறல் பாடலின் போக்கிலேயே விழும். இதுவரை பதினேழு படங்களைத் துடைத்துவிட்டேன். அவற்றில் இரண்டுக்கு இரண்டாம் வட்டைக் காணவில்லை. ஒன்று ‘தில்லானா மோகனாம்பாள்’. தானா ராத்தாவிலோ ஆபுவிலோ எவர் வீட்டு அலமாரியிலாவது அந்த இரண்டாம் வட்டு தனித்துக் கிடந்தால், எறியுமுன் எனக்குச் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.