விதி 95 திருந்தியது, விதி 94 எப்போது?

2022 ஜூன் 28 அறிவிக்கையைப் பற்றி நம் இதழின் நிலை என்ன என்று பல வாசகர்கள் போனில் கேட்டுவிட்டார்கள். வரவேற்கிறோம். மத்திய மோட்டார் வாகன விதி 95-இல் வந்திருக்கும் திருத்தப்படி, உருள் தடை, ஈரப்பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றிலும் ஏஐஎஸ் 142 சொல்லும் அளவுக்குள் லாரிக்கான சி3 வகை டயர் தேற வேண்டும். புதிய டிசைன்களுக்கு இது 2022 அக்டோபர் 1 முதல். ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் டயருக்கு ஒரு தரம், சங்ககிரி லாரிக்கு ஒரு தரம் என்ற நிலை இதனால் மாறும். விலை ஏறிவிடும் என்ற புலம்பலில் நாம் சேரவில்லை.

ஆனால் ஈரப்பிடிப்பை அளப்பது புது டயரில். 15 மில்லிமீட்டர் ஆழத்தில் க்ரூவ் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். அதே டயர் 2 மில்லிமீட்டரில் ஐப்பசி மழையில் ஓடும்போது அதைக் கேட்க இருப்பது விதி 94 மட்டும்தான். அதில் யாரும் கை வைக்கவில்லை. லாரிக்குக் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், முன் ஆக்சிலுக்கும் அதே, லிஃப்ட் ஆக்சிலுக்கும் அதே.

இந்த அறிவிக்கைக்குப் பிறகு அந்த 1.6 இன்னும் ஆபத்தானது. உருள் தடையைக் குறைக்க எளிய வழிகளில் ஒன்று ட்ரெட் ரப்பரைக் குறைப்பது. டயர் தேயத் தேய டீசல் கொஞ்சம் மிச்சமாவதை நம் ஃப்ளீட் கணக்கிலேயே பார்த்திருக்கிறோம். டயர் மெல்லிய ட்ரெட்டோடு வந்தால், க்ரூவுக்குள் 1.6 உயரத்தில் வார்த்திருக்கும் தேய்மானப் பாருக்குச் சீக்கிரமே இறங்கும். டீசல் கணக்கைப் பார்த்த முதலாளி, இன்னும் ஒரு ட்ரிப் போகட்டும் என்பார்.

அமெரிக்காவில் லாரியின் முன் டயருக்கு 4/32 அங்குலம், ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர். மற்ற டயர்களுக்கு அதில் பாதி. அங்கும் பாரை 1.6-இல்தான் வார்க்கிறார்கள், ஆகவே முன் டயரில் பார் தெரியும்வரை காத்திருந்தால் எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். ஆழம் அளக்கும் கேஜ் வைத்துத்தான் ஆக வேண்டும். முன் ஆக்சிலுக்குத் தனி அளவு வேண்டும், அந்த உயரத்தில் இரண்டாவது பார் வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! ஒரு பதில் கடிதம்கூட வந்ததில்லை.

அளவை மாற்றினாலும் அளப்பது யார்? போன ஐப்பசியில் நண்பரின் டாரஸ் லாரியோடு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போயிருந்தேன். சோதிக்க வந்தவரிடம் கேஜ் இல்லை. நடு க்ரூவில் சாவியை விட்டுத் தடவி, "பார் வந்துடுச்சு, டயரை மாத்திட்டு வா" என்றார். சாவி தொட்டது, கல் சிக்காமல் தள்ளுவதற்கு வார்த்த கட்டையை. அது க்ரூவின் நடுவில், பக்கச் சுவர்களைத் தொடாமல் வரிசையாக நிற்கும். பார் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும். டிரைவர், "சார், அது கல்லு தள்ளுறதுக்கு வெச்சதுங்க சார்" என்றார். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று பதில் வந்தது. என் கேஜில் 5 மில்லிமீட்டர் காட்டியது. அதைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்கு மனமில்லை.

லோடு இரண்டு நாள் நின்றது. எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியிலோ வெளி ஷோல்டரை ஒட்டிய க்ரூவில் பாரும் ரப்பரும் ஒரே மட்டம். நடு க்ரூவை மட்டும் பார்த்துப் பாஸ் போட்டார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தது, எஃப்.சி.க்காக ஒரு நாள் வாடகைக்கு மாட்டிய டயர்களோடு வந்த வண்டி, அதுவும் பாஸ்.

கேஜ் இருக்கும் இடத்திலும் நிம்மதி இல்லை. ஊசியைப் பார் மேலேயே ஊன்றினால் 3 மில்லிமீட்டர் டயர் 1.4 என்று காட்டும். அபராதம் கட்டுவது டிரைவர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவியை வாங்கித் தராமல், எங்கே வைத்து அளப்பது என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தராமல், சாலையில் நிறுத்திக் காசு வாங்க மட்டும் ஆள் அனுப்புகிறார்கள்.

அடுத்த எஃப்.சி.க்குப் போகும்போது உங்கள் கேஜை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு டயரிலும் பாரை விட்டுத் தள்ளி, எல்லா க்ரூவிலும் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். டயரை நிராகரித்தால், எந்த க்ரூவில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் தேதியோடு நமக்கு எழுதுங்கள். அத்தனை கடிதத்தையும் விதி 94-க்கான நம் மனுவோடு சேர்த்து அமைச்சகத்துக்கு அனுப்புகிறோம்.