காமிராவை எவ்வளவு நம்பலாம்?

நம் மாணவ நண்பர்களிடையே பிலிம் காமிரா மீண்டும் செல்வாக்குப் பெற்று வருகிறது. கறுப்பு வெள்ளைச் சுருளை மாட்டிக்கொண்டு, பிளாஷ் விளக்கின் துணையின்றி, கிடைக்கும் வெளிச்சத்திலேயே படம் பிடிக்க வேண்டும் என்னும் ஆர்வம் வளர்ந்திருக்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் பலர் ஒளியை அளக்கும் பொறுப்பு முழுவதையும் காமிராவின் தானியங்கி அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே தகும், எங்கே தகாது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இவ்வமைப்பு நேற்று வந்ததன்று. 1938-இல் கோடாக் நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் சிக்ஸ்-20' காமிராவிலேயே செலீனியம் ஒளிமின்கலம் ஒன்று வெளிச்சத்தை அளக்க, லென்சின் துளை தானே அமைந்தது. அதன் பின் எத்தனையோ முன்னேற்றங்கள் வந்துவிட்டன. எனினும் பெரும்பாலான பிலிம் காமிராக்களின் அடிப்படைக் கணக்கு ஒன்றே. எதிரே உள்ள காட்சி, சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் உடையது என்று அவை கொள்கின்றன. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சாம்பல் அது. முன்னே இருப்பது சுண்ணாம்புச் சுவரா, கரும்பலகையா என்பது கருவிக்குத் தெரியாது.

மேகம் கவிந்த பகலில் ஒளி எங்கும் சீராகப் பரவியிருக்கும்போது இக்கணக்குப் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. அப்போது துளை, வேகம் என்று தடுமாறுவதை விட, கருவியை நம்பிவிட்டு முகபாவத்தைக் கவனிப்பதே அறிவுடைமை.

ஆனால் விடுமுறைக்கு ஊர் செல்கிறோம். வெள்ளையடித்த திண்ணைச் சுவரில் சாய்ந்து பாட்டி அமர்ந்திருக்கிறார். புதுச் சுண்ணாம்பு ஏறக்குறைய 80 விழுக்காடு ஒளியைத் திருப்பக்கூடியது. படத்தின் பெரும்பகுதியைச் சுவர் அடைத்துக்கொண்டால், காமிரா அந்த வெண்மையையும் சாம்பலாக்கப் பார்க்கும். வேண்டிய ஒளியில் ஏறத்தாழக் கால் பங்கே பிலிமுக்குக் கிட்டும். பலியாவது பாட்டியின் கறுத்த முகம்! கண்களும் சுருக்கங்களும் இருளில் மூழ்கிவிடும். நெகட்டிவில் பதியாத நிழலை எந்த இருட்டறை வித்தையாலும் மீட்க இயலாது. எடுத்த படத்தை அங்கேயே பார்த்துத் திருத்திக்கொள்ளத் திரையும் இல்லை. பிலிமைக் கழுவிப் பார்க்கும்போது நாம் விடுதிக்குத் திரும்பியிருப்போம்.

மாற்று எளிதே. அருகே சென்று முகத்தை மட்டும் அளக்கலாம். அல்லது பாட்டியின் மேல் விழும் அதே ஒளியில் நம் உள்ளங்கையை நீட்டி அளந்து, அதற்கு இருமடங்கு ஒளி கொடுக்கலாம். 400 வேகப் பிலிமாயின், வேகத் திருகை 100-இல் வைத்தால் நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். படம் எடுத்ததும் மறவாமல் 400-க்குத் திருப்பிவிட வேண்டும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ், ஒளி சற்று மிகுவதைப் பொறுத்துக்கொள்ளும், குறைவதைப் பொறுக்காது.

கோயில் பிரகாரத்து விளக்கை எடுக்கும்போது நிலைமை தலைகீழாகும். சுற்றியுள்ள இருளையும் சாம்பலாக்க முனைந்து காமிரா அளவுக்கு மீறி ஒளியைக் கொடுக்கும். சுடர் வெளிறிப்போகும், நீண்ட நேரம் கதவு திறந்திருப்பதால் உருவங்களும் கலைந்துபோகும். இங்கே ஒளியைக் குறைப்பதே முறை.

தானியங்கியே வேண்டாம் என்று கூறும் கட்சியில் நான் இல்லை. அது கணக்கில் கெட்டி, காட்சியை அறியாது. ஆகவே பொத்தானை அழுத்துமுன், 'இப்படத்தில் மிகுந்திருப்பது வெண்மையா, கருமையா?' என்று ஒரு நொடி கேட்டுக்கொள்வோம். எந்த முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைக் கருவிக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தானே?