பாடமா, பங்கு ஆலோசனையா? வர்த்தகப் பயிற்சி மோசடிகளும் அந்தமான் முதலீட்டாளர்களும்

ஸ்ரீ விஜயபுரம்: பங்கு வர்த்தகப் பயிற்சி என்ற பெயரில் 3.37 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் ரூ.601.37 கோடி வசூலிக்கப்பட்டதாக, இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியமான செபி 2025 டிசம்பர் 4-ஆம் தேதி பிறப்பித்த இடைக்கால உத்தரவில் தெரிவித்தது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பயிற்றுநர் அவதூத் சாத்தேவும் அவரது பயிற்சி நிறுவனமும் செபியிடம் பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை வழங்கியதாகக் கூறி, ரூ.546.16 கோடியை முடக்கவும் அது உத்தரவிட்டது. குற்றச்சாட்டுகளை மறுத்த சாத்தே தரப்பு, பங்குச் சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகியது.

வங்கக் கடலுக்கு அப்பால் உள்ள அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் இந்த விவகாரம் முக்கியமானது. நீண்ட காலம் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்த இத்தீவுகளுக்கு, சென்னையில் இருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில் ரூ.1,224 கோடி செலவில் அமைக்கப்பட்ட கடலடிக் கண்ணாடி இழை வடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடங்கி வைத்தார். மருத்துவம், கல்வி, வங்கிச் சேவை ஆகியவற்றுடன் பங்கு வர்த்தகச் செயலிகளும் அந்த வடத்தின் வழியே எளிதாகக் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வசிக்கும் 3,80,581 பேரில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். சென்னையிலோ மும்பையிலோ இருந்து ஒளிபரப்பாகும் ஒரு வகுப்பில் அவர்களும் சேர முடியும். ஆனால், பணம் கைமாறிய பின்னர் பயிற்றுநரின் அலுவலகத்துக்கு நேரில் சென்று விசாரிப்பது அவர்களுக்கு எளிதன்று.

*இலவச வகுப்பில் தொடங்கும் வலை*

செபி அண்மை ஆண்டுகளில் நடவடிக்கை எடுத்த விவகாரங்களில் ஒரு பொதுவான வடிவம் தென்படுகிறது. முதலில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ ஓர் அறிமுக வகுப்பு நடைபெறும். லாபம் ஈட்டியதாகச் சொல்லும் சிலரின் அனுபவங்கள் அதில் முன்வைக்கப்படும். அடுத்து, அதிகக் கட்டணத்தில் ‘மேம்பட்ட பயிற்சி’ அல்லது ‘தனி வழிகாட்டல்’ வழங்கப்படும். கட்டணம் செலுத்தியோர் வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவில் சேர்க்கப்படுவர். எந்தப் பங்கை எந்த விலையில் வாங்க வேண்டும், எங்கே விற்க வேண்டும் என்ற குறிப்புகள் அங்கே வரத் தொடங்கும். கல்வி ஆலோசனையாக மாறும் இடம் அதுதான்.

‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் சமூக ஊடகங்களில் பிரபலமாக இருந்த முகமது நசிருதீன் அன்சாரி தொடர்பாக 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ரூ.17.20 கோடியை முடக்க உத்தரவிட்ட செபி, 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரையிலான காலத்தில் அவர் தமது சொந்த வர்த்தகத்தில் ரூ.2.89 கோடி நிகர நஷ்டம் அடைந்திருந்ததையும் பதிவு செய்தது. லாபத்தின் வழியைக் கற்றுத் தருவதாகக் கூறப்பட்ட அதே காலத்தில் கற்றுத் தந்தவரின் கணக்கு நஷ்டத்தில் இருந்துள்ளது.

2025 பிப்ரவரியில் அஸ்மிதா படேலின் பயிற்சி நிறுவனம் மீது எடுக்கப்பட்ட இடைக்கால நடவடிக்கையில் ரூ.53.67 கோடி முடக்கப்பட்டது. பயிற்சியில் சேர்ந்த 42 பேர் அளித்த புகார் அந்த விசாரணைக்கு அடிப்படையாக அமைந்தது. பயிற்சி பெற்றோர் குறிப்பிட்ட ஒரு தரகு நிறுவனத்தில் கணக்குத் தொடங்குமாறு அறிவுறுத்தப்பட்டதாகவும் செபி குறிப்பிட்டது.

தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட விவகாரம் சென்னையைச் சேர்ந்த பி.ஆர்.சுந்தர் தொடர்பானது. பதிவு பெறாமல் ஆலோசனைச் சேவை வழங்கியதாக எழுந்த அந்த விவகாரம், குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் 2023 மே மாதம் சமரசத்தில் முடிந்தது. அதன்படி வட்டியுடன் சேர்த்துச் சுமார் ரூ.6.07 கோடியைத் திருப்பிச் செலுத்தவும், ஓராண்டு பங்கு வர்த்தகத்தில் இருந்து விலகியிருக்கவும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

*நஷ்டம் யாருடைய தவறு?*

இத்தகைய திட்டங்கள் நெடுங்காலம் நீடிக்க ஒரு முக்கியக் காரணம், நஷ்டத்துக்கான பொறுப்பு மாணவர் மீதே விழுவதாகும். சீட்டு நிறுவனம் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் ஏமாற்றப்பட்டது உடனே தெரிந்துவிடும். பயிற்சிக்குப் பிறகு வர்த்தகத்தில் பணம் போனாலோ, ‘ஒழுக்கம் போதவில்லை, பொறுமை இல்லை, அடுத்த நிலைப் பயிற்சி தேவை’ என்ற விளக்கம் தயாராக இருக்கிறது. பாதிக்கப்பட்டவரும் அதை நம்பி விடுகிறார். அதனால் புகாருக்குப் பதிலாக மேலும் ஒரு கட்டணம் செலுத்தப்படுகிறது.

புள்ளிவிவரங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. பங்கு சார்ந்த முன்பேர மற்றும் விருப்ப ஒப்பந்த வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம் அடைந்ததாகவும், மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடியைத் தாண்டியதாகவும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. 2024-25 நிதியாண்டிலும் 91 சதவீதத்தினர் நஷ்டமே கண்டனர். அந்த ஓராண்டின் நிகர நஷ்டம் ரூ.1,05,603 கோடி. பத்தில் ஒன்பது பேர் தோற்கும் ஒரு களத்தில், தோற்ற ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒழுக்கக் குறைவைத் தேடுவது பொருந்தாது.

*முகமே இல்லாத ‘பேராசிரியர்’*

மேற்கண்ட விவகாரங்களில் பயிற்றுநர் யார் என்பதாவது தெரியும். இன்னொரு வகை மோசடியில் அதுவும் தெரியாது. ‘பேராசிரியர்’ என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் சில நாள்கள் பாடம் நடத்துவோர், பின்னர் ஒரு போலிச் செயலியைப் பதிவிறக்கச் சொல்கின்றனர். அதில் லாபம் பெருகுவது போன்ற எண்கள் மட்டுமே தோன்றும். பணத்தை எடுக்க முயலும்போது வரி, கட்டணம் என்று மேலும் தொகை கேட்கப்படும். உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் வெளியிட்ட தகவலின்படி, 2024-ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் மட்டும் இத்தகைய வர்த்தக மோசடிகளில் ரூ.1,420.48 கோடி பறிபோனது.

*சட்டம் வகுத்துள்ள எல்லை*

பங்குச் சந்தை குறித்துக் கற்பிப்பதற்குத் தடை இல்லை. ஆனால், பதிவு பெறாமல் ஆலோசனை வழங்கக் கூடாது. லாபம் குறித்து உறுதியளிக்கவும் கூடாது. கல்வியில் மட்டும் ஈடுபடுவோர் கடந்த மூன்று மாதங்களின் பங்கு விலைத் தரவுகளைப் பயன்படுத்தி, எதிர்கால விலையைச் சுட்டிக்காட்டவோ பரிந்துரை செய்யவோ கூடாது என 2025 ஜனவரி 29-ஆம் தேதி செபி தெளிவுபடுத்தியது.

இங்கு ஒரு முரண்பாடும் உள்ளது. பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர், நிலையான கட்டண முறையில் ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு ரூ.1.51 லட்சத்துக்கு மேல் பெற முடியாது. ‘பயிற்சி’ என்ற பெயருக்கு அத்தகைய உச்சவரம்பு ஏதும் இல்லை. இருபது கோடிக்கும் மேற்பட்ட டீமேட் கணக்குகள் உள்ள நாட்டில், பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் சுமார் ஆயிரம் பேர் மட்டுமே. இந்த வெற்றிடத்தில்தான் பதிவற்ற வழிகாட்டிகள் பெருகுகின்றனர்.

புகார் அளிப்பதிலும் இந்த வேறுபாடு வெளிப்படுகிறது. செபியின் ‘ஸ்கோர்ஸ்’ குறைதீர்ப்புத் தளம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும் பதிவு பெற்ற இடைநிலை நிறுவனங்களுக்கும் எதிரான புகார்களுக்கானது. பதிவு இல்லாதவரிடம் பணம் இழந்தவர் காவல் துறையையும் நீதிமன்றத்தையுமே நாட வேண்டியிருக்கும். சிக்கியவர் தீவில் இருக்க, பணம் சென்ற வங்கிக் கணக்கு வேறொரு மாநிலத்தில் இருந்தால் விசாரணை மேலும் நீளும்.

*பணம் செலுத்தும் முன்*

ஆகவே, தீவு முதலீட்டாளர்களுக்கு உண்மையான பாதுகாப்பு பணம் செலுத்துவதற்கு முந்தைய சில நிமிடங்களில்தான் உள்ளது. முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண் ‘ஐஎன்ஏ’ என்றும், ஆய்வாளரின் பதிவு எண் ‘ஐஎன்ஹெச்’ என்றும் தொடங்கும். அந்த எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். 2025 அக்டோபர் முதல், பதிவு பெற்ற நிறுவனங்களின் யுபிஐ முகவரியில் ‘வேலிட்’ என்ற சொல் இடம்பெறும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. ‘செபி செக்’ வசதி மூலம் வங்கிக் கணக்கையும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேட்டதும், ‘நாங்கள் பாடம் மட்டுமே நடத்துகிறோம்’ என்று பதில் சொல்பவர், வாங்க வேண்டிய பங்கின் பெயரையும் விலையையும் சொல்வாரேயானால் அவர் எல்லை மீறுகிறார் என்று கொள்ளலாம்.

இணையவழியில் ஏமாற்றப்பட்டது தெரியவந்தால், சில மணி நேரத்துக்குள் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் அளிப்பது அவசியம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் அதை முடக்க அதுவே வாய்ப்பளிக்கிறது. கட்டண ரசீது, குழு உரையாடல், வகுப்புப் பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பதும் முக்கியம். அஸ்மிதா படேல் நிறுவனம் மீதான விசாரணைக்கு வழிவகுத்தது 42 பேரின் புகார். நஷ்டத்தைத் தங்கள் தவறாகவே எண்ணி அவர்களும் மௌனமாக இருந்திருந்தால், அந்த வகுப்புகள் மேலும் பலரிடம் கட்டணம் வசூலித்திருக்கக் கூடும்.