கணவனையும் கட்டும் வாக்கு

மனைவியை வேறொருவன் ஆசைகாட்டி அழைத்துப்போனால் கணவன் புகார் கொடுக்க முடிந்தது. கணவன் வழிதவறினால் மனைவிக்கு அந்த உரிமை இருக்கவில்லை. இப்படி ஒருதலையாக இருந்த குற்றவியல் சட்டத்தின் 498ஆவது பிரிவு, அரசியலமைப்பு தரும் சமத்துவத்துக்கு முரணானது என்று 2023 டிசம்பரில் நம் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவர்கள் இதை மனமார வரவேற்க வேண்டும். மோசேயின் சட்டம் பிறன்மனை நாடியவனுக்கும் அந்த மனைவிக்கும் ஒருசேர மரண தண்டனை விதித்தது (லேவியராகமம் 20:10). ஆனால் சந்தேகத்துக்கு ஆளான மனைவி மட்டுமே கசப்பான நீரைக் குடித்துத் தான் குற்றமற்றவள் என நிரூபிக்க வேண்டியிருந்தது (எண்ணாகமம் 5). கணவனுக்கு அத்தகைய சோதனை இருக்கவில்லை. இயேசு அந்தச் சாய்வை நிமிர்த்தினார். மனைவியைத் தள்ளிவிட்டு வேறொருத்தியை மணப்பவன், அந்த மனைவிக்கு எதிராகவே விபசாரம் செய்கிறான் என்றார் (மாற்கு 10:11). புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் பெண்ணின் நடத்தையை அலசும் வாய்கள், ஆணின் துரோகத்தை ‘ஆம்பளைன்னா அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. திருமண ஆயத்த வகுப்பிலும் பிரசங்க மேடையிலும் சபைகள் இதைக் கணவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சட்டம் தண்டிக்காவிட்டாலும், ஆலயத்தில் கொடுத்த வாக்கு இருவரையும் ஒரே அளவில்தான் கட்டுகிறது.