மூடி கழற்றிய யந்திரம்

நியூ டவுனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பி, வெள்ளையடித்து, சாவி கைமாறியதும் அங்கே வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது சரியல்ல. இரண்டாவது வேலை அப்போதுதான் தொடங்குகிறது. குடிபுகுவதற்கு முன்பு சமையல் மேடைக்குக் கிரானைட் பலகை அறுக்க வேண்டும், டைல்ஸ் வெட்ட வேண்டும், அலமாரிகள் செய்ய வேண்டும், ஏ.சி. குழாய்க்குச் சுவரைத் துளைக்க வேண்டும். இவ்வளவும் இன்று கையில் பிடித்து ஓட்டும் மின்சார யந்திரங்களாலேயே நடைபெறுகின்றன. உளியும் ரம்பமும் ஒரு பகல் முழுவதும் செய்த வேலையை இவை ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கின்றன. வசதி பெரிதுதான். அதற்குரிய விலையைச் சில வேளைகளில் தொழிலாளியின் விரலும் கண்ணும் செலுத்த நேரிடுகிறது என்பதுதான் கவலைக்குரியது.

1999ஆம் ஆண்டில் ‘ஹிட்கோ’ எனப்படும் வீட்டுவசதி உள்கட்டமைப்பு வளர்ச்சிக் கழகத்தை மேற்கு வங்க அரசு ஏற்படுத்தியது. அதன் பின்னர் ராஜர்ஹாட் வயல்வெளிகளின் மீது எழுந்த நகரம் இது. இதன் நிர்வாகத்திற்கென்றே 2007இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கம்ப்யூட்டர் நிறுவனங்களில் உத்தியோகம் பார்க்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே சொந்த பிளாட் வாங்கிக் குடியேறியுள்ளன. ஆகவே இந்த விஷயம் கட்டட முதலாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் மட்டும் உரியதன்று. சாவியை வாங்கி, மேஸ்திரியை அழைத்து, முன்பணம் கொடுக்கும் குடும்பத் தலைவருக்கும் உரியது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்துவதாக இருந்தது. தனி நபர் தமது சொந்தக் குடியிருப்புக்காகச் செய்யும் வேலை ரூ.10 லட்சத்திற்கு மேற்படாவிட்டால் அதற்கும் விலக்கு உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பத்துப் பேர் என்ற எல்லையை மாற்றவில்லை; சொந்த வீட்டு வேலைக்கான விலக்கை மட்டும் ரூ.50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. இதன் விளைவு என்ன? இருபது மாடிக் கட்டடம் எழும்பும்போது அங்கே உழைப்பவருக்குத் தலைக்கவசம் உண்டு, பாதுகாப்பு அதிகாரி உண்டு, விதிகள் உண்டு. அதே கட்டடத்தின் எட்டாவது மாடியில், ஒரு பிளாட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் மரமும் கல்லும் அறுக்கும்போது இந்த விதிகள் எவையும் அவர்களை எட்டுவதில்லை. யந்திரம் அதேதான், அபாயமும் அதேதான்.

தமிழ்க் குடும்பங்களில் கிரைண்டர் என்றால் மாவரைப்பது என்றுதான் பொருள். தொழிலாளியின் கையில் இருக்கும் ‘ஆங்கிள் கிரைண்டர்’ வேறு ஜாதி. நான்கு அங்குல வட்டு பொருத்திய சாதாரண யந்திரம் நிமிஷத்திற்குச் சுமார் 11,000 முறை சுழல்கிறது. அப்போது அந்த வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. ஹவுராவிலிருந்து டில்லி செல்லும் ராஜதானி எக்ஸ்பிரஸின் உச்ச வேகம் 130 கிலோ மீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், முகத்திற்கு இரண்டு சாண் தூரத்தில் சுழல்வது எத்தகைய பொருள் என்பது விளங்கும். வட்டு உடைந்தால் அதன் துண்டுகள் அந்த வேகத்தில்தான் சிதறும். அவற்றைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே யந்திரத்தோடு ஓர் இரும்பு மூடி வைத்து விற்கிறார்கள். ஆனால் வேலை நடக்கும் இடங்களில் அடிக்கடி காணப்படுவது மூடி கழற்றிய யந்திரமே.

மூடியை ஏன் கழற்றுகிறார்கள்? சிறிய யந்திரத்தில் பெரிய வட்டைப் பொருத்தினால் ஆழமாக வெட்டலாம் என்பது ஒரு காரணம். மூடி இருந்தால் பெரிய வட்டு உள்ளே நுழையாது. ஏழு அங்குல வட்டு நிமிஷத்திற்குச் சுமார் 8,500 சுழற்சி வரைதான் தாங்கும். இந்த எண் அதன் மீதே அச்சிடப்பட்டிருக்கிறது. அதை 11,000 சுழற்சி யந்திரத்தில் மாட்டுவது வெடியைக் கையில் பிடிப்பதற்கு ஒப்பாகும். மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடை இதே யந்திரத்தில் மாட்டும் வழக்கம் அதனினும் கொடியது. பல் மரத்தில் சிக்கிய கணமே யந்திரம் பின்னோக்கித் துள்ளி, பிடித்திருப்பவரின் கையையோ தொடையையோ பதம் பார்த்துவிடுகிறது. மர வேலைக்கு மரம் அறுக்கும் யந்திரமே தேவை. கல் வெட்டும் வட்டுக்கும் இரும்பு வெட்டும் வட்டுக்குங்கூட வேறுபாடு உண்டு.

மின்சார அபாயம் இன்னொன்று. பிளக் இல்லாத ஒயரின் இரு முனைகளையும் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்குவது சர்வசாதாரணமாக நடக்கிறது. மழைக்காலத்துக் கொல்கத்தாவின் ஈரத்தில், கல் அறுக்க ஊற்றும் தண்ணீரின் நடுவே, ரப்பர் செருப்போடு நிற்பவர் கையில் இப்படிப்பட்ட ஒயர் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிரிட்டனில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் கைக்கருவிகளுக்கு 230 வோல்ட்டைத் தவிர்த்து, டிரான்ஸ்பார்மர் மூலம் 110 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்த ஏற்பாடு இங்கே இல்லாவிட்டாலும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் சாதனத்தை வீட்டு மின் பலகையில் பொருத்துவது யாருக்கும் எட்டாத காரியமன்று. புது வீட்டில் அது இருக்கிறதா, ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்பதை முதல் ட்ரில்லிங் மெஷின் உள்ளே வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் ரத்தத்தைவிடத் தெரியாத தூசி இன்னும் கொடியது. கிரானைட்டிலும் டைல்ஸிலும் உள்ள சிலிக்கா, உலர்ந்த நிலையில் அறுக்கும்போது நுண்தூளாகி நுரையீரலில் படிகிறது. இந்த நியூ டவுன் அமைந்துள்ள வடக்கு 24 பர்கானா மாவட்டத்திலேயே இதற்குத் துயரமான சான்று இருக்கிறது. 2009இல் ஐலா புயல் நிலத்தைப் பாழாக்கிய பிறகு, மீனாகான், சந்தேஷ்காளி வட்டாரங்களிலிருந்து பிழைப்புத் தேடி அசன்சோல் பக்கத்துக் கல் அரைக்கும் ஆலைகளுக்குப் போன இளைஞர்கள் பலர் சிலிகோசிஸ் நோயோடு ஊர் திரும்பினர், பலர் மாண்டனர். பிளாட்டில் எழும் தூசி அந்த ஆலைத் தூசியளவு அடர்த்தியாக இல்லாமலிருக்கலாம். ஆனால் ஒரு வீட்டை முடித்து மறு வீடு செல்லும் தொழிலாளிக்கு அது ஆண்டு முழுவதும் சேருகிறது. தண்ணீர் விட்டு அறுப்பதற்கென அமைந்த யந்திரத்தையும் நல்ல முகக் கவசத்தையும் பயன்படுத்தினால் பெரும் பகுதி தவிர்க்கப்படும். கழுத்தில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. தொங்கும் அதன் நுனி சுழலும் பாகத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

தொழிலாளி அலட்சியமாக இருக்கிறார் என்று பழி கூறுவது எளிது. அவருக்குக் கூலி சதுர அடிக் கணக்கில் கிடைக்கிறது. மூடியை மாட்டிக் கழற்றும் நேரத்திற்குக் கூலி இல்லை. கிருகப்பிரவேசத்திற்கு நாள் குறித்துவிட்டு அவசரப்படுத்துகிறவர் வீட்டுக்காரர். அந்த அவசரமே மூடியைக் கழற்றுகிறது. விபத்து நேர்ந்தாலோ நஷ்டம் முழுவதும் தொழிலாளியின் தலையில் விழுகிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் உடல் உறுப்புகளுக்குச் சதவிகிதம் வகுத்தது: ஆட்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 14 சதவிகித இழப்பு, கட்டை விரலுக்கு 30, ஒரு கண்ணுக்கு 40. இதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. பாதுகாப்புக்கென்று தரப்பட்ட மூடியைத் தெரிந்தே கழற்றியவருக்கு, மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தாலன்றி, நஷ்ட ஈடு மறுக்கப்படலாம். அதன் இடத்திற்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி தொடர்கிறது. ஆக, மூடியைக் கழற்றிய தச்சர் விரலையும் இழக்கிறார்; அதற்குரிய பணத்தையும் இழக்கக்கூடும். யாருடைய அவசரத்திற்காக அவர் கழற்றினார் என்பது ஏட்டில் ஏறுவதில்லை.

பத்துப் பேர் என்ற எல்லையை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டியது அவசியம். அதுவரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நேரத்தில் சுவரைத் துளைக்கலாம், எந்த மின்தூக்கியில் மணல் ஏற்றலாம் என்றெல்லாம் விதி போடும் குடியிருப்போர் சங்கங்கள், மூடியும் பிளக்கும் இல்லாத யந்திரம் வாசலைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி சேர்க்கலாம். வீட்டுக்காரர் காண்டிராக்டரிடம் பேரம் பேசும்போதே கண்ணாடி, முகக் கவசம், சரியான வட்டு ஆகியவற்றின் செலவைக் கணக்கில் சேர்த்துக் கொடுக்கலாம். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய தொகையே. வங்காளி தெரியாத புதியவர்களும் ‘டாக்னா’ என்றால் மூடி, ‘சஷ்மா’ என்றால் கண்ணாடி என்ற இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். வேலை செய்பவர் புரிந்துகொள்வார்.

எல்லா ஜாக்கிரதையையும் மீறி விபத்து நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் அறிந்திருப்பது நல்லது. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். விரல் துண்டாகியிருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. கண்ணில் துகள் தைத்திருந்தால் கசக்கவும் கூடாது, பிடுங்கவும் கூடாது.

செப்டம்பர் மத்தியில் விசுவகர்மா பூஜையன்று வங்கத்தில் யந்திரங்கள் ஓய்ந்து மாலை சூடுகின்றன. தமிழ் இல்லங்களில் ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. கருவியைத் தெய்வமாகக் கருதும் இரண்டு மக்களும் சேர்ந்து வாழும் நகரம் இது. கருவியைப் பிடிக்கும் கைக்கும் அந்த மரியாதையில் பங்கு உண்டு. புது வீட்டில் பால் காய்ச்சும் அன்று, அந்த வீட்டைச் செய்து கொடுத்தவர்கள் பத்து விரல்களோடும் இரு கண்களோடும் தங்கள் ஊர் திரும்பியிருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு வேலை கொடுத்தவரையே சாரும்.