பதக்கத்துக்கு ஒரு பை, பயிற்சிக்கு ஒரு பை

ஊரிலே தேகப்பயிற்சிக் கூடமொன்று அமைக்கப் பணம் எங்கே கிடைக்கும் என்று மாணவர் பலர் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வியொன்று உளது: பணம் கொடுப்பவர் எதனை எண்ணிக் கொடுக்கின்றார்? இதற்கு விடை காண்பதற்குப் பிரித்தானியரின் அனுபவத்தைச் சற்றே ஆராய்தல் பயன் தரும். நம்மூர்க் கழகங்களுக்கு உதவும் உறவினருட் பலர் அந்நாட்டிலேயே வாழ்கின்றனர் அன்றோ?

1996ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவிலே பிரித்தானியா பெற்ற தங்கப் பதக்கம் ஒன்றே ஒன்று. பதக்க வரிசையில் அதற்குக் கிடைத்தது 36ஆவது இடம். நாடே நாணிற்று. 1994இல் தொடங்கப்பெற்ற தேசிய லொத்தரின் வருமானத்தில் ஒரு பகுதி, அதன் பின்னர், தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களின் பயிற்சிக்கென்றே செல்லலாயிற்று. பிழைப்புக்கு வேலை தேடி அலையாமல் வீரன் முழுநேரமும் பயிற்சி செய்யலாம் என்ற நிலை உண்டாயிற்று. பயனும் விரைவிலே தெரிந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் 11 தங்கம். 2012இல் இலண்டனில் 29. (லொத்தர்ச் சீட்டு வாங்குவோருள் ஏழைத் தொழிலாளர் பலர் என்பதையும், அவர்தம் காசே தங்கமாயிற்று என்பதையும் வெற்றி விழாக்களில் எவரும் பேசக் காணோம்.)

இப்பணத்தைப் பகிர்ந்தளிக்கும் யூ.கே. ஸ்போர்ட் என்னும் நிறுவனம் எண்ணுவது பதக்கத்தை. எதிர்காலப் பதக்கத்துக்கு வாய்ப்பில்லை என்று கருதினால் கை மூடிக்கொள்ளும். 2016இல் றியோ நகரில் பிரித்தானிய இணையொன்று பூப்பந்தாட்டத்தில் வெண்கலம் வென்றது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே அவ்விளையாட்டுக்கான நிதி நிறுத்தப்படுமென அறிவிப்பு வந்தது! பளுதூக்கலுக்கும் அதே கதி நேர்ந்தது.

எமிலி காம்பெல் என்னும் நங்கை அப்பொழுதுதான் பளுதூக்கலுக்குப் புதியவர். குண்டெறிதலுக்கு உடல்வலு சேர்க்கும் பொருட்டே பாரம் தூக்கத் தொடங்கியவர் அவர். நிதி நின்றபின், பொதுமக்களிடம் பணம் திரட்டியே அணியினர் பயிற்சியைத் தொடர வேண்டியிருந்தது. 2021இல் டோக்கியோவில் அவர் மொத்தம் 283 கிலோகிராம் தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். பளுதூக்கலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதற் பிரித்தானியப் பெண்மணி அவரே. பதக்கத்தை எண்ணியவர்களின் கணக்குத் தவறியது இவ்வாறு.

பிரித்தானியாவில் இன்னொரு பையும் உண்டு. ஸ்போர்ட் இங்கிலாந்து என்னும் நிறுவனம் எண்ணுவது சாதாரண மனிதரின் வருகையை. அதன் சிறு கொடைத் திட்டத்தின் கீழ் 300 பவுண் முதல் 15,000 பவுண் வரை ஊர்க் கழகங்களுக்கு வழங்கப்பட்டது. கேட்பவை எளியன: எழுத்திலமைந்த யாப்பு, கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் கையொப்பமிடும் இருவர் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லாதிருத்தல். இம்மூன்றாவது நிபந்தனையை நம் கழகங்களிற் சில படித்துப் பார்த்தல் நன்று. தனியார் ஒருவர் இலாபத்துக்கு நடத்தும் கூடத்துக்கு இவ்வகைக் கொடை கிடைப்பது அரிது.

விண்ணப்பம் எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் பட்டியலையே எழுதுகின்றனர். கொடுப்பவர் அறிய விரும்புவதோ வேறு. இதுவரை தேகப்பயிற்சி செய்யாத எத்தனை தாய்மார் வருவர்? முதியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து கைப்பிடியின்றி எழ அப்பயிற்சி உதவுமா? அன்றாட வாழ்வுக்குப் பயன்படும் அசைவுகளான குனிதல், எழுதல், சுமத்தல், இழுத்தல் ஆகியவற்றை வலுப்படுத்தும் புதிய முறைக் கூடங்களுக்கு விலையுயர்ந்த பொறி மிகுதியாகத் தேவையில்லை. இரும்புத் தண்டு, எடைத் தட்டுகள், கயிறு, உறுதியான மரப்பெட்டி ஆகியன போதும். அசைவைத் திருத்திச் சொல்லும் பயிற்றுநர் இல்லையாயின், அவையே முதுகை முறிக்கும். ஆகவே பணத்தின் பெரும்பகுதி ஆளுக்குச் செல்லவேண்டும்.

நம்மூரில் நடப்பது இதற்கு மாறானது. இலண்டன் உறவினரின் பணம் வந்ததும், முதலில் வாங்கப்படுவது ஓடுபொறி. அடுத்தது திறப்புவிழாக் கல்வெட்டு. ஓடுபொறி பழுதுற்றால் திருத்துவாரில்லை. கல்வெட்டு மட்டும் பழுதுறுவதில்லை. கழகக் காரியதரிசிமார் அடுத்த கடிதத்திலே பயிற்றுநரின் ஓராண்டுச் சம்பளத்தையும், பெண்களுக்கென ஒதுக்கிய நேரத்தையும், மாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறப்பவர் பெயரையும் சேர்த்து எழுதுவார்களாக. பணம் அனுப்பும் உறவினரும் பற்றுச்சீட்டோடு வருகைப் பதிவேட்டின் பிரதியையும் கேட்டு வாங்கலாம்.